குறிஞ்சாக்கேணியில் கிடைத்த பல்

அன்புள்ள மகளுக்கு,

நீ புறப்படுவதற்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இங்கே எல்லாரும் உனக்கு எதையாவது கட்டிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறார்கள். அம்மா மிளகாயையும் மல்லியையும் வறுத்து இடித்துத் தகரப் பேணியில் அடைத்துவிட்டாள். வாழ்நாளில் ஒருநாளும் குளிரில் நடுங்கியிராத உப்புவெளிச் சின்னம்மா உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறார்; அதன் ஒரு கை மற்றக் கையைவிட நீளம். நானும் ஏதாவது தரவேண்டுமே, புத்திமதி எழுதலாம் என்றுதான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு செய்தி இருக்கிறது. இந்தத் துறைமுகத்தில் இவ்வளவு காலம் பத்திரிகைக்கு எழுதியவனுக்குச் செய்தியை இழுத்தடித்துச் சொல்லத் தெரியாது. குறிஞ்சாக்கேணியில் ஹாஜராவின் வளவில் நீ எடுத்த நீர்யானைப் பல் எங்கள் மண்ணுக்குரியதல்ல. அது தோணியில் வந்தது.

இதை வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியும். பார்த்து முடிந்ததும் திரும்பி வந்து மிச்சத்தையும் வாசி. அந்தப் பல்லின்மேல் நீ எவ்வளவு கட்டியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஹாஜரா கிணறு வெட்டியபோது கூழாங்கல் படையிலிருந்து அது எட்டிப் பார்த்தது. கொங்கிரீட் வளையம் இறக்குமுன் நீ பேராதனையிலிருந்து ஓடி வந்தாய். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாய். மேலே மணல், அதன்கீழ் கூழாங்கல், அதன்கீழ் கறுப்புக் களி என்று கொப்பியில் படம் போட்டாய். ஏறி வந்து, உள்ளங்கையை மூடுகிற அளவுக்குப் பெரிதான, கறுத்துப்போன அந்தப் பல்லை என் கையில் வைத்தாய். இரும்பு போலக் கனத்தது. தேய்ந்த மேற்பரப்பில் மூன்று இதழ் விரித்த பூவைப்போல ஒரு கோலம் இருந்தது. "அப்பா, இது நீர்யானை. வருசம் முழுக்க வத்தாத தண்ணியும், கரையில மேயப் புல்லும் இல்லாம இது உயிர் வாழாது. இந்தக் காய்ஞ்ச கரையில ஒருகாலம் அப்படித் தண்ணி இருந்திருக்கு. விளங்குதே உங்களுக்கு?" என்றாய். மாரி முடிந்தால் அடுத்த மாரி வரைக்கும் வானத்தைப் பார்க்கிற ஊர் இது. விளங்காமல் என்ன?

விளங்கியது மட்டுமல்ல, எழுதியும் விட்டேன். கழிக்கரையில் நீர்யானை வாழ்ந்தது என்று என் பத்திரிகை முதற்பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டது. முடிவெட்டுகிற கடையில், "ஐயா, அது திரும்பி வந்தா எங்கட தோட்டத்தை மேயுமோ?" என்று கேட்டார்கள். பல்லைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை உன் பேராசிரியர் வெளிநாட்டுக்கு அனுப்பினார். அதைப் படித்துத்தான் அங்குள்ள பல்கலைக்கழகத்தார் உன்னை மேற்படிப்புக்கு அழைத்தார்கள். ஆக, நீ போகிற பயணத்துக்கு அந்தப் பல்தான் வாசல். அந்த வாசலைத்தான் இப்போது நான் தட்டிப் பார்த்து, இது வேறு வீட்டுக் கதவு என்று சொல்கிறேன்.

போன கிழமை நான் குறிஞ்சாக்கேணிக்குப் போனது உன் பயணத்தை ஹாஜராவுக்குச் சொல்லத்தான். முழங்கால் வலியோடு பஸ்ஸிலும் கிண்ணியா மிதவையிலும் போவது இப்போது எனக்கு ஒரு நாள் வேலை. போனால், வளவின் மறுபக்கத்தில் கக்கூசுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே மணல், அதே கூழாங்கல், அதே களி. உன் கொப்பிப் படத்தை நேரில் பார்ப்பதுபோல இருந்தது. கதைத்துக்கொண்டே குழிக்குள் எட்டிப் பார்த்தேன். கூழாங்கல்லுக்கு அடியில், களியின்மேல் படுத்தபடி, பச்சையாக ஏதோ மின்னியது. வெட்டுகிறவர் துடைத்து மேலே நீட்டினார். கழுத்துக்குள் குண்டு அடைபட்ட பழைய சோடாப் போத்தல். குண்டு இன்னமும் உருண்டது.

ஹாஜராவின் தகப்பன் என்னுடைய சிநேகிதன், விறகும் மரமும் விற்றவன் என்பது உனக்குத் தெரியும். அந்த உரிமையில் நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னைப் பேப்பர் ஐயா என்பாள். "தங்கச்சி, கல்லுக்குக் கீழ இந்தப் போத்தல் எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"எப்படி வந்த எண்டா? ஆரோ குடிச்சிட்டு எறிஞ்சிருப்பாங்க."

"கல்லுக்குக் கீழயோ?"

"கல்லுக் கொட்ட முந்தி எறிஞ்சா கீழதானே கிடக்கும்?" என்று, எனக்கு வயதாகிவிட்டது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள்.

"இது கொட்டின கல்லோ? ஆர் கொட்டினது?"

"வாப்பாதான், வேற ஆரு? நான் அப்ப சின்னப் புள்ள. மாரிக்கு இந்த வளவு முழுக்கச் சேறு. உம்மா வழுக்கி விழுந்து, குடமும் உடைஞ்சி, அண்டையிலேந்து வீட்டுல ஒரே சண்டை. உம்மாட வாயப் பூட்டத்தான் வாப்பா தோணிக் கல்ல வண்டியில ஏத்தி ஏத்திக் கொண்டாந்து கொட்டின."

"மேல இருக்கிற மணல்?"

"அது பெரிய புயலுக்கு வந்த. கடலும் கழியும் ஒண்டாகி, விடிஞ்சி பாத்தா முத்தம் கடற்கரையாக் கிடக்கி. ஆரு அள்ளுற? அப்படியே விட்டம்."

நான் போத்தலை என் பைக்குள் வைத்தேன். "இதையெல்லாம் மகளுக்குச் சொல்லேல்லையோ?" என்றேன்.

"அந்தப் புள்ள கேட்டாத்தானே? ‘ராத்தா, இந்த இடம் முந்தித் தோண்டினதா?’ எண்டு கேட்டிச்சி. இல்ல எண்டு சொன்ன நான். தோண்டல்லத்தானே, பொய்யா? கொட்டினதா எண்டு கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன்."

மகளே, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டாய். ஒரு படை குலைந்திருக்கிறதா என்று அறிய எவரும் அதைத்தான் கேட்பார்கள். புயல் கொண்டுவந்த மணலை எந்தக் கண்ணும் இயற்கையான மணல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். மகாவலி கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக் கூழாங்கல் கிடந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லையே. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் கிண்ணியாத் துறையில், சரக்கில்லாதபோது பாரத்துக்குக் கல் ஏற்றி வந்த தோணிகளைப் பார்த்து எழுதியவன் நான். கல்லைத் தண்ணீரில் கொட்டினால் தோணி ஓடுகிற தடம் தூர்ந்துவிடும் என்று தடை இருந்தது. அதனால் கரையில் குவிப்பார்கள். குவித்ததை ஊர்ச் சனம் அள்ளிப்போய் முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் போடும். தெரிந்திருந்தும், அந்தக் குவியலையும் உன் கையிலிருந்த பல்லையும் என் மனம் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எழுதுவதில்லை என்று உனக்குத் தெரியும். அடுத்த நாள் துறைமுகப் பக்கம் போய், அந்தக் காலத்தில் தோணி ஓட்டிய தண்டல் ஒருவரைப் பிடித்தேன். கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. "வெறுந்தோணி கடலில நிக்காது ஐயா, கவிட்டுப்போடும். காக்கிநாடாவில சரக்குக் கிடைக்காட்டி கோதாவரி ஆத்துவாயில கல்லு ஏத்துவம். இஞ்ச வந்து கல்லைக் கொட்டிப்போட்டு மரம் ஏத்திக்கொண்டு போவம். உங்கட ஊரில பாதி நாங்கள் கொண்டுவந்த கல்லுத்தான்" என்றார். பல்லைப் பற்றிச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அப்ப நான் நீர்யானையை டிக்கெட் இல்லாமக் கொண்டுவந்திருக்கிறன்!" கோதாவரிக் கரைகளிலும் இப்படியான பற்கள் அகப்படுகின்றன என்று நீதான் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னாய். அது நினைவுக்கு வந்தது. அந்தப் பல் வற்றாத தண்ணீரையும் பச்சைப் புல்லையும் பார்த்தது உண்மையாக இருக்கலாம். அது பார்த்த ஆறு வேறு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "இஞ்சருங்கோ, இதை ஆருக்கும் சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஹாஜராவுக்கும் தண்டலுக்கும்தான்."

"அப்ப வேற ஆருக்கும் சொல்லாதேங்கோ. அந்தப் பல்லு எந்த ஆத்தில இருந்தா என்ன? அது ஆருக்கு என்ன கெடுதி செய்தது? பிள்ளை போகட்டும். போய்ச் சேந்தாப்பிறகு பாப்பம்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நீ அவளைக் கோபிக்காதே. நானும் அதைத்தான் நினைத்தேன், அவளைவிடக் கூட நினைத்தேன். இந்த ஊரில் பின்னேரம் ஆனால் கடைகள் முன்னதாகவே பூட்டுகின்றன. சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கி நிறுத்துகிறார்கள். உன் வயதுப் பிள்ளைகள் எவரும் வீடு திரும்பும்வரை தாய்மார் படலையில் நிற்கிறார்கள். இவை ஒன்றையும் என் பத்திரிகை பெட்டி கட்டிப் போடுவதில்லை. நீ இங்கிருந்து போய்விடவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுபோல வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ போய்விடுவாய். ஹாஜரா இதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் அல்ல. தண்டலுக்கு அது ஒரு பகிடி. போத்தலைக் கழியில் எறிந்தால் எல்லாம் முடிந்தது. மிதவையில் திரும்பி வரும்போது அது என் பைக்குள்தான் இருந்தது. எறியவில்லை. பெரிய மனிதத்தனத்தால் அல்ல, மகளே. களைப்பாக இருந்தது. ஒன்றை மறைத்தால் அதைத் தொடர்ந்து மறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலையைத் தொடங்குகிற வயது எனக்கு இல்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு, அது ஆருக்கு என்ன கெடுதி செய்தது என்ற கேள்விக்கு, பதில் தேடத்தான் எனக்கு நாட்கள் ஆகின. உனக்குப் பிறகு இந்தக் கரைக்கு ஒரு பிள்ளை வரும். உன் கட்டுரையைப் படித்துவிட்டு வரும். இங்கே நீர்யானை இருந்தது என்று நம்பி, கழிக்கரை எல்லாம் வெயிலில் குழி வெட்டும். ஒன்றும் கிடைக்காது. கிடைக்காதபோது அது உன்னைச் சந்தேகிக்காது; அச்சில் வந்ததைச் சந்தேகிக்க நாங்கள் யாரும் பழக்கப்படவில்லை. தன் கண்ணைத்தான் சந்தேகிக்கும். அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் குழியிலிருந்து வெறுங்கையோடு ஏறி வருவதை நினைத்தால் உன் முகம்தான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதுதான் நான் எழுத நினைத்த புத்திமதிக்குக் கிட்ட வருவது. நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் விடுமுறையில் மாட்டுத் தாடையும் மரைமான் தாடையும் கொண்டுவந்து அம்மாவின் சோற்றுப் பானையில் அவித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "இது குசினியோ சுடலையோ?" என்று அவள் அகப்பையை எறிந்தாள். நீ அசையாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினாய். புல்லில் மண் ஒட்டியிருக்கும், புல்லே அரம்போலப் பல்லைத் தேய்க்கும், அதனால் புல்லை நம்பி வாழ்கிற விலங்குக்குப் பல் உயரமாக இருக்கவேண்டும். இலை குழை தின்பதற்கு அவ்வளவு தேவையில்லை என்றாய். எலும்பு உக்கினாலும் பல் கிடக்கும். பல்லைப் பார்த்தால் அது தின்றது தெரியும், தின்றதைத் தெரிந்தால் அங்கே நின்றது காடா புல்வெளியா என்று தெரியும், அதிலிருந்து மழையைச் சொல்லலாம் என்றாய். ஒன்றிலிருந்து ஒன்றாக நீ ஏறிப்போன விதத்தைப் பார்த்து, இவள் நல்ல நிருபராகியிருப்பாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வெருகல் பக்கத்துப் பாறை இடுக்கிலிருந்து மண்ணைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தாய். அம்மாவின் அரிக்கன் சட்டியை, அரிசியில் கல் அரிக்கிற அதே சட்டியை, எடுத்துக் கிணற்றடியில் இருந்துகொண்டு அரித்தாய். முதல் நாள் திட்டிய அம்மா மூன்றாம் நாள் சட்டியை உன் கையிலிருந்து பறித்தாள். "உனக்கு அரிக்கத் தெரியாது, இஞ்ச தா. பல்லெல்லாம் தண்ணியோட போகுது" என்றாள். கடுகளவு பற்கள். ஆந்தை விழுங்கித் துப்பிய எலிகளின் பற்கள் என்றாய். பெரும்பாலும் வெள்ளெலி, வெட்டையிலும் காய்ந்த பற்றையிலும் வளை தோண்டுவது, ஈரக் காட்டில் இருக்காதது. அந்தச் சின்னப் பற்கள் எல்லாம் ஒரே வாயாகச் சொன்னது, இந்தக் கரை அப்போதும் காய்ந்த கரைதான் என்று. பிறகு அந்தப் பெரிய பல் வந்தது. கட்டுரை எழுத உட்கார்ந்தபோது உனக்கு முகம் வாடியது எனக்குத் தெரியும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டு வேறு காலமாக இருக்கும் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதி, எலிப் பற்களைக் குப்பிகளில் அடைத்து அலுமாரியில் வைத்தாய். எங்கள் தொழிலிலும் இப்படித்தான். ஒரு மந்திரி வந்து ஒரு வார்த்தை சொன்னால், காலையிலிருந்து வரிசையில் நின்ற சனம் சொன்னதெல்லாம் பின்பக்கத்துக்குப் போய்விடும். பெரிய சாட்சி ஒன்று உள்ளே வரும்போது சின்னச் சாட்சிகளை வெளியே அனுப்பிவிடாதே. அவை ஒத்துவராமல் முணுமுணுத்தால், அந்தப் பெரியவர் எந்த வழியாக வந்தார் என்று கேள்.

நேற்று அம்மா அந்த அலுமாரியைத் தூசி தட்டினாள். ஒரு குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழமை முழுவதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள், திரும்பாமலே கேட்டாள்: "அப்ப எங்கட எலிப்பல்லுகள் சொன்னது சரிதானே?"

"ஓம். அதுகள் தோணியில வரேல்லை" என்றேன்.

"பின்ன பிள்ளைக்கு எழுதுங்கோ. நான்தானே அரிச்சனான்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். அந்தச் சோடாப் போத்தலையும் வைக்கோல் சுற்றி அனுப்புகிறேன், குண்டு தொலையாமல் பார்த்துக்கொள். இதை நீயே உன் பேராசிரியருக்கும், உன்னை அழைத்தவர்களுக்கும் சொல்லவேண்டும். என் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். முன்பு பெட்டி கட்டிப் போட்டவர்கள் இதை உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுவார்கள், பரவாயில்லை. உன் கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நீ அறிவித்த பிறகுதான் அனுப்புவேன். ஆனால் அனுப்பாமல் விடமாட்டேன். அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால், நான் உன் பயணத்தைக் கெடுத்தவன் என்று என் மிச்சக் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். அதை நீ எனக்காகச் சுமக்கத் தேவையில்லை. இப்போதும் நீ போகவேண்டும் என்றுதான் விரும்புகிறேன். அந்த எலிப் பற்களைக் கொண்டு போ. அந்தப் பல்லை நம்பிப் போகாதே.

இன்னும் ஒன்று. அன்றைக்குக் குறிஞ்சாக்கேணியிலிருந்து புறப்படும்போது நான் ஹாஜராவுக்கு எல்லாவற்றையும் விளங்கச் சொன்னேன். அவள் வளவில் நீர்யானை இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமைப்பட இனி ஒன்றும் இல்லை என்றேன். கவலைப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குழியை எட்டிப் பார்த்தாள். கூழாங்கல்லுக்குக் கீழே கறுப்புக் களி ஈரமாகக் கிடந்தது. இந்தக் குழியில் அதற்குள் எவரும் இன்னும் மண்வெட்டி போடவில்லை.

"இந்தக் களி வாப்பா கொட்டின இல்ல, பேப்பர் ஐயா" என்றாள். "இது இங்க கிடந்த. கக்கூச நான் மத்தப் பக்கம் வெட்டிக்கிறன். குழிய மூடல்ல எண்டு புள்ளைக்கு எழுதுங்க."

அன்புடன்,
அப்பா